விமானிக்கும் வேண்டுமா சங்கம்?

சென்ற பருவத்தில் பேரவை நடத்திய விவாத மேடையின் தலைப்பு, 'படித்தவர்க்குத் தொழிற்சங்கம் தேவையா?' என்பது. தேவை என்று வாதிட்ட அணியில் நானும் இருந்தேன். தோற்றோம். அந்தத் தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. நிகழ்ச்சி முடிந்து மண்டபத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முதலாமாண்டுத் தம்பி ஒருவர் வந்து கேட்ட கேள்விதான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, யூனியனெல்லாம் எஸ்டேட்டு ஆளுங்களுக்குச் சரி. நான் டிகிரி முடிச்சிட்டு பைலட் பயிற்சிக்குப் போகப் போறேன். பைலட்டுக்கு எதுக்கு யூனியன்? சம்பளம் பிடிக்கலன்னா வேற கம்பெனிக்குப் போயிட வேண்டியதுதானே?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகு, நான் சொன்னது எனக்கே பதிலாகத் தெரியவில்லை. அதன் பிறகு கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றிப் படித்தேன். அந்தத் தம்பிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இக்கட்டுரை.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் அமெரிக்காவின் வட்டார விமானத்துறை. அங்கே சங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் விமானிகளும் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். சங்கம் உள்ள நிறுவனங்களும் உண்டு, இல்லாத நிறுவனமும் உண்டு. அடிமட்டத்தில் கிடந்த ஊதியம் பதினைந்து ஆண்டுகளுக்குள் பல மடங்கு உயர்ந்ததும் அங்கேதான். எனவே இரு தரப்புக்கும் அங்கே சான்று கிடைக்கிறது.

வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்துக்குப் பயணச்சீட்டு வாங்கினால், சீட்டில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். விமானத்தின் வாலிலும் அதே வண்ணம்தான். ஆனால் விமானத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் பறக்கும் வேறொரு வட்டார நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. 2009-ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டின் உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இத்தகையவை.

ஒப்பந்தத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கட்டணத்தையும் நேர அட்டவணையையும் பெரிய நிறுவனமே முடிவு செய்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவையும் அதுவே ஏற்கிறது. வட்டார நிறுவனத்துக்குப் புறப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கிடைக்கும். அப்படியானால் வட்டார நிறுவனத்தின் கையில் குறைப்பதற்கு என்ன மிஞ்சுகிறது? ஆட்களின் சம்பளம்தான். ஒப்பந்தம் முடியும்போது, "உங்களைவிட மலிவாக ஓட்ட இன்னொருவர் காத்திருக்கிறார்" என்று பெரிய நிறுவனம் சொன்னால், அந்தச் சுமை நேராக விமானியின் தலையில் இறங்குகிறது.

2000-களில் வட்டார நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்த துணை விமானியின் ஊதியம் மணிக்கு 20 டாலரைச் சுற்றியே இருந்தது. மணிக்கு 20 டாலர் என்றால் நல்ல சம்பளம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விமானிக்கு மணி எப்போது ஓடத் தொடங்குகிறது தெரியுமா? கதவு மூடி விமானம் வாயிலை விட்டு நகரும்போதுதான். வானிலை அறிக்கை படிப்பது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, இரண்டு பறப்புகளுக்கு இடையே மூன்று மணி நேரம் காத்திருப்பது ஆகியவற்றுக்குப் பொதுவாக மணிக்கணக்கில் ஊதியம் கிடையாது. மாதத்துக்கு ஏறக்குறைய 75 மணி நேரம் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 18,000 டாலர். பயிற்சிக்காக வாங்கிய கடனோ பல்லாயிரம் டாலர். பி.டி.பி.டி.என். கடனோடு வேலைக்குப் போகும் நமக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

ஓர் இரவு

2009 பிப்ரவரி 12. நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் விமானம் தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். பயணிகளின் சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்.

துணை விமானிக்கு வயது 24. வேலைத்தளம் நியூவார்க். அவர் வசித்ததோ நாட்டின் மறுகோடியில், சியாட்டல் அருகே பெற்றோர் வீட்டில். முந்தைய இரவு சரக்கு விமானத்தில் இடம் கேட்டுப் பெற்று, மெம்பிஸ் வழியாக இரவு முழுவதும் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். தலைமை விமானியும் ஃபுளோரிடாவிலிருந்து வந்து வேலை செய்தவர். அவர் நிலையத்தில் பணியாளர் ஓய்வறையில் தூங்கியிருந்தார். துணை விமானிக்கு அன்று சளி. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும், இப்போது உடம்பு சரியில்லை என்று சொன்னால் குணமாகும் வரை சொந்தச் செலவில் விடுதியில் தங்க வேண்டியிருக்கும் என்றும் அவர் பேசியது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது.

2009 மே மாதம் நடந்த விசாரணையில் அவருடைய ஆண்டு ஊதியம் ஏறக்குறைய 16,000 டாலர் என்று முதலில் சொல்லப்பட்டது. அது 24,000 டாலருக்கு அருகில் என்று நிறுவனம் பிறகு திருத்தியது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், நியூவார்க் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுக்க அது போதாது.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். குறைந்த சம்பளம்தான் விமானத்தை வீழ்த்தியது என்று விசாரணை வாரியம் சொல்லவில்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, தலைமை விமானி மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்ததே முதன்மைக் காரணம் என்றது. சோர்வு இருவரின் செயல்திறனையும் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று அறுதியிட முடியாது என்றும் சொன்னது. நான் இழுத்துப் பிடித்துக்கொள்வது அந்த விடுதிக் கணக்கை மட்டுமே. உடல்நலமில்லாத ஒரு விமானி, 'இன்று பறக்கலாமா?' என்ற கேள்வியோடு, 'பறக்காவிட்டால் எனக்கு எவ்வளவு செலவு?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. பின்னால் அமர்ந்திருந்த பயணி எவருக்கும் அது தெரியாது.

இன்னொரு செய்தியும் உண்டு. கோல்கன் விமானிகள் சங்கத்தில் சேர வாக்களித்தது 2008-இன் இறுதியில், விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான். சங்கம் வந்துவிட்டது, ஒப்பந்தம் இன்னும் வரவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம்

விவாத மேடையில் எங்கள் அணி தோற்றதற்குக் காரணம், எதிரணியின் நல்ல வாதத்தை நாங்கள் எதிர்கொள்ளாததுதான். இங்கே அந்தத் தவற்றைச் செய்யமாட்டேன்.

முதல் வாதம்: ஊதியத்தை உயர்த்தியது சங்கமல்ல, ஆள் பற்றாக்குறை. பஃபலோ விபத்துக்குப் பின் 2010-இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன் 250 மணி நேரத்தோடு வேலையில் சேர முடிந்தது. புதியவர்கள் வரும் வழி குறுகியது. 2020-இல் கோவிட் காலத்தில் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்தன. பயணிகள் திரும்பியபோது அந்த இடங்களுக்கு வட்டார நிறுவனங்களிலிருந்து ஆட்களை எடுத்தன. 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தைச் சேர்ந்த பீட்மான்ட், என்வாய் ஆகிய வட்டார நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானியின் ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. அதே 75 மணி நேரக் கணக்கில் 18,000 டாலர், 81,000 டாலராகிவிட்டது. அந்நிறுவனங்களில் சங்கம் பல ஆண்டுகளாகவே இருந்தது. ஆயினும் உயர்வு வந்தது பற்றாக்குறை வந்த பிறகுதான்.

இரண்டாவது வாதம்: அமெரிக்காவின் மிகப்பெரிய வட்டார நிறுவனமான ஸ்கைவெஸ்ட்டின் விமானிகள் தேசியச் சங்கத்தை ஒருமுறைக்கு மேல் வாக்கெடுப்பில் நிராகரித்திருக்கிறார்கள். நிறுவனத்துக்குள்ளேயே இயங்கும் ஓர் அமைப்பு அவர்கள் சார்பில் பேசுகிறது. அந்நிறுவனம் அழியவில்லை, வளர்ந்தது.

மூன்றாவது வாதம்: காமேர். 2001-இல் சின்சினாட்டியைத் தளமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் தாய் நிறுவனமான டெல்டா 2005-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. காமேர் சுருங்கிச் சுருங்கி, 2012-இல் மூடப்பட்டது. வேலைநிறுத்தம்தான் நிறுவனத்தைக் கொன்றது என்பாரும் உளர். பெரிய நிறுவனத்தின் கணக்கில் அது எப்படியும் சாகவிருந்தது என்பாரும் உளர்.

இந்த மூன்றையும் நான் மறுக்கவில்லை. சங்கம் இருந்தால் சம்பளம் உயரும், சங்கம் இல்லாவிட்டால் தாழும் என்ற எளிய கணக்கு பொய். அந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் சந்தா கட்டுகிறார் என்றால் அவர் ஏமாறக்கூடும்.

பற்றாக்குறை தராதது

அப்படியானால் எதற்காகச் சங்கம்? தம்பியின் கேள்வியில் இருந்த இரண்டாம் பாதிக்கு வருகிறேன். "வேற கம்பெனிக்குப் போயிட வேண்டியதுதானே?"

விமானத்துறையில் அது அவ்வளவு எளிதல்ல. பொறியாளர் பத்தாண்டு அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்குப் போனால் பத்தாண்டு அனுபவத்துக்குரிய சம்பளத்தைக் கேட்கலாம். அமெரிக்க விமானிக்கு வாழ்க்கையே பணிமூப்பு வரிசையில் உள்ள எண்தான். எந்த ஊரில் தளம், எந்த விமானம், தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ விடுப்பு கிடைக்குமா, எப்போது தலைமை விமானி ஆகலாம் என அனைத்தையும் அந்த எண் முடிவு செய்கிறது. நிறுவனம் மாறினால், வழக்கமாக வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு உயர்ந்து போகிறவருக்கு அது பாதகமில்லை. ஒரு வட்டார நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவருக்கு அது பெரும் இழப்பு. வெளியேறும் கதவு குறுகலாக இருக்கும் வீட்டில், உள்ளே பேசும் உரிமை அதிகமாக வேண்டும்.

அடுத்தது, நோயும் சோர்வும். 2014-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகளின்படி, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும் அதில் 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும். சோர்வாக இருப்பதாகச் சொல்லும் விமானியை நிறுவனம் பறக்கவிடக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் பறக்காத அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா? வெளியூரில் நோயுற்றால் விடுதிச் செலவு யாருடையது? மாதத்தில் இரண்டு முறை சோர்வு என்று சொன்னவரை மேலாளர் கூப்பிட்டு விசாரித்தால், பக்கத்தில் யார் உட்காருவார்? இவற்றைச் சட்டம் சொல்லவில்லை. இவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. பஃபலோ இரவின் விடுதிக் கணக்கும் இந்த இடைவெளியில்தான் கிடந்தது.

சம்பளத்தைப் பற்றாக்குறை உயர்த்தும். பற்றாக்குறை தீர்ந்தால் என்ன ஆகும்? எழுதி வைக்காத சலுகை, கொடுத்தவர் மனம் மாறும் நாளில் போய்விடும். அமெரிக்கச் சட்டத்தில் இங்கே ஒரு சிறப்பு உண்டு. 1926-இல் இரயில்வேக்காக இயற்றப்பட்டு 1936-இல் விமானத்துறைக்கு நீட்டிக்கப்பட்ட தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தம் ஒரு தேதியில் காலாவதியாகி விழுந்துவிடுவதில்லை. புதியது கையெழுத்தாகும் வரை பழைய நிபந்தனைகள் தொடரும். அதற்கு விலையும் உண்டு. தேசிய சமரச வாரியம் விடுவித்து, அதன்பின் 30 நாள் கடக்கும் வரை வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். முரட்டு வேலைநிறுத்தக்காரர்கள் என்ற சித்திரம் இத்துறைக்குப் பொருந்தவே பொருந்தாது.

1931-இல் அமெரிக்க விமானிகள் தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது ஊதியக் குறைப்பு ஒரு காரணம், மோசமான வானிலையிலும் பறக்கச் சொல்லும் கட்டாயம் இன்னொரு காரணம். சங்கத்தின் முழக்கமே, பாதுகாப்போடு சேர்ந்த நேர அட்டவணை என்ற பொருள்படுவது. சம்பளமும் பாதுகாப்பும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

சங்கத்தையும் கேள்வி கேட்போம்

சங்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க விமானிகள் சங்கம் பெரிய நிறுவன விமானிகளையும் வட்டார விமானிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. பெரிய நிறுவன விமானிகள் தங்கள் வேலையைக் காத்துக்கொள்ள, வட்டார நிறுவனங்கள் ஓட்டக்கூடிய விமானத்தின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் ஒப்பந்தத்தில் எல்லை போடுகிறார்கள். அண்ணனின் நன்மை தம்பிக்கு நட்டமாகும் இடம் அது. மேலும், வட்டார நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பேரம் பேசுவதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மிரட்டும் உத்தி சங்கம் இருந்தும் தொடர்ந்தது. 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ் ஆகிய வட்டார நிறுவனங்கள் மூடப்பட்டபோது, அங்கே சங்கம் இருந்தும் எவருடைய பணிமூப்பு எண்ணையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே வாக்களிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. எங்கள் நிறுவனத்து ஒப்பந்தத்தை எங்கள் உறுப்பினர்களே வாக்களித்து ஏற்கவோ மறுக்கவோ முடியுமா? சந்தாப் பணம் எதற்குச் செலவாகிறது? பெரியவர் நலனும் எங்கள் நலனும் மோதினால் யார் பக்கம் நிற்பீர்கள்? இக்கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் சேரலாம். பதில் கிடைக்காவிட்டால், உள்ளே போய்க் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நிறுவனமே செலவு செய்து நடத்தும் அமைப்பிடம், 'நிறுவனத்தோடு மோதினால் யார் பக்கம்?' என்று கேட்பதைவிட அது மேல்.

நம் பக்கம்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வட்டாரத்தில் சட்டம் வேறு, அரசின் அணுகுமுறையும் வேறு என்பது உண்மை. 1980-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதியத் தகராறில் விதிப்படி மட்டும் வேலை செய்யும் நடவடிக்கையில் இறங்கியபோது பிரதமர் லீ குவான் யூ நேரடியாகத் தலையிட்டார். 1981-இல் அந்தச் சங்கம் பதிவிழந்தது, அதே ஆண்டில் புதிய சங்கம் பிறந்தது. 2003-இல் சார்ஸ் காலத்து ஊதியக் குறைப்புக்கு இசைந்த சங்கத் தலைமையை உறுப்பினர்கள் வாக்களித்து நீக்கினர். 2004-இல் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்பினர்களின் ஒப்புதல் இன்றியே தலைமை ஒப்பந்தம் செய்துகொள்ள வழி செய்யப்பட்டது. நம் மலேசியாவில் 1979-இல் விமான நிறுவன ஊழியர்களின் தகராறு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் கைதுகளில் முடிந்தது. இங்கே சங்கம் என்பது எளிதாகக் கிடைத்த வசதி அல்ல. அதனால்தான் அதை 'எஸ்டேட்டு ஆளுங்களுக்கு' என்று தள்ளிவிடும்போது எனக்கு வலிக்கிறது.

என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த வட்டாரத்தில் 1941-இல் நம் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இராணுவம் வரவழைக்கப்பட்ட போராட்டம் அது. அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. அதோடு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் இருந்தது. நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பது இருந்தது. சங்கம் அமைக்கும் உரிமை இருந்தது. சைக்கிள் கோரிக்கைக்கும் கூலிக்கும் என்ன தொடர்பு? ஒரு காசும் கூடாது. ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு, சங்கம் எதற்கு என்பது நம் விவாத மேடையைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ரப்பர் விலை உயர்ந்தால் கூலி தானாகக்கூட உயரலாம். சைக்கிளிலிருந்து இறங்க வேண்டாம் என்று விலை ஏற்றம் ஒருநாளும் சொல்லாது.

விமானியின் சோர்வும் அப்படித்தான். ஆள் பற்றாக்குறை அவருக்கு 90 டாலர் கொடுக்கும். "இன்று என்னால் முடியாது" என்று அஞ்சாமல் சொல்லும் துணிவை அது கொடுக்காது. அந்தத் துணிவு தனி ஒருவருக்கு வாய்ப்பது அரிது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வரும்.

தம்பி, நீங்கள் விமானி ஆகுங்கள். நம் பிள்ளை ஒருவர் விமானத்தை ஓட்டும்போது நான் பின்னிருக்கையில் பெருமையோடு உட்காருவேன். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டேன். உடம்பு சரியில்லாத நாளில் விடுதிக் கணக்குப் பார்க்காமல் "இன்று பறக்க மாட்டேன்" என்று உங்களால் சொல்ல முடியுமா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புவேன். முடியும் என்றால், அதை உங்களுக்கு முன்னால் யாரோ சிலர் கூடி உட்கார்ந்து எழுதி வாங்கியிருப்பார்கள். முடியாது என்றால், எழுதி வாங்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.